எதிர்க்கடைக்கு அனுப்பியவர்

தெல்லிப்பழையில் சிகிச்சைக்குப் போயிருந்த புஷ்பராணி காலமாகிவிட்டார் என்று எதிர்க்கடையை இப்போது நடத்தும் அவருடைய மகன் வீதியைக் கடந்து வந்து சொன்னபோது, நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து முடித்து, வாங்க வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் கடையைப் பூட்டினேன். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

கொழும்புத்துறையில் எங்கள் பலசரக்குக் கடைகள் இரண்டும் எதிரெதிரே இருந்தன. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இப்போது புகழ்கிறீர்கள். எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. அது தீரவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. வியாபாரத்தைக் கடையில் நின்றே படித்தேன். கடைக்காரன் வாயில் "இல்லை" என்ற சொல் வரக்கூடாது என்பது அங்கே படித்த முதற்பாடம். சாமான் முடிந்தால் "நாளைக்கு வரும்" என்போம். பொருளாதார நெருக்கடியில், குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். புஷ்பராணியோ "பால்மா இல்லை. எப்ப வரும் எண்டு தெரியாது" என்று மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்.

"விளக்கு வைக்கிற இடத்திலை உப்பிடி 'இல்லை' எண்டு எழுதலாமோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"பெற்றோல் இல்லாமல் சனம் சைக்கிள் உழக்கி வருது அண்ணை. நாளைக்கு எண்டால் நாளைக்கும் உழக்கும். பொய்க்கு உழக்க வைக்கிறது பாவம்."

"அப்ப உன்ரை கடைக்கு ஆர் வருவினம்?"

"நம்பினவை வருவினம். உங்கடை ஆக்களெல்லாம் நாளைக்குத்தானே வருவினம்."

சில நாட்களின் பின் எனக்கு ஒரு பெட்டி பால்மா கிடைத்தது. குழந்தைகள் உள்ள வழமையான வாடிக்கையாளருக்கென்று உள்ளே வைத்தேன். அது பதுக்கல் அல்ல. இன்றும் அதையே சொல்வேன். என் கடையை விட்டுப் போகாதவர்களுக்கு வேறெப்போது நன்றி காட்டுவது? பெட்டி இறங்கியதைக் கண்ட புஷ்பராணி, தன்னிடம் கேட்டு வந்தவர்களையெல்லாம் "எதிர்க்கடையிலை வந்திருக்கு, போங்கோ" என்று அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாசல் நிறைந்துவிட்டது. வாய்ப்பழக்கத்தில் "நாளைக்கு வரும்" என்றேன்.

முன்னால் நின்ற மீனவர் ஒருவர் கதவில் கையை ஊன்றினார். "நாளைக்கு வாறது இருக்கட்டும். இண்டைக்கு வந்தது எங்கை?"

பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். இனிப்புப் போத்தல் ஒன்று விழுந்து உடைந்தது. இன்னுமொரு தள்ளு விழுந்திருந்தால் கடை மிஞ்சியிராது.

புஷ்பராணி ஓடிவந்து எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றார். "கடையை உடைச்சால் பிறகு ஆரிட்டை வாங்கப் போறியள்? கைக்குழந்தை உள்ளவை முன்னுக்கு வாங்கோ." பிறகு என்னிடம், "பக்கற்றை வெட்டி நிறுங்கோ அண்ணை. கொஞ்சம் கொஞ்சமாய் எல்லாருக்கும் வரும்" என்றார்.

"என்ரை ஆக்களுக்கு என்ன சொல்ல?"

"அவையும் உதுக்குள்ளைதான் நிக்கினம். நிமிர்ந்து பாருங்கோ."

நின்றார்கள். வெட்டி நிறுத்துக் கொடுத்தேன். அவருடைய வீட்டுக்கும் ஒரு பங்கு எடுத்து நீட்டினேன். "என்ரை பேரன் சோறு தின்னுவான்" என்று வாங்க மறுத்துவிட்டார்.

என்னைக் கேட்காமல் அனுப்பியது பிழை என்று பிறகும் பலமுறை சண்டை பிடித்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை, இப்போதும் விடமாட்டேன். ஆனால் அன்று வாசலில் முதன்முதலாகக் கண்ட முகங்கள் பிறகும் வந்தன. அந்த நெருக்கடி முழுவதும் என் கடை பூட்டப்படாமல் இருந்தது அவர்களால்தான்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. என்னிடம் சாமான் முடிந்தால், வந்தவரை இப்போது எதிர்க்கடைக்கு அனுப்புகிறேன். அவருடைய மகனிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான்.