தாய்மாமன் மடியில் இரண்டு ஆம்பியர்

இனிமேல் நடக்கவிருக்கும் தீ விபத்துகள் அனைத்துக்கும் முன்கூட்டியே வியர்த்து வைப்பவர் சிவபாண்டி. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அங்கே வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் வெடிமருந்து அறைக்குள் போக வேண்டும். எல்லாரும் ஒரு தடவை தொடுவார்கள். இவர் மூன்று தடவை. சொந்த வீட்டு அடுப்படிக்குள் நுழையும்போதும் கை தானாக நிலைப்படியைத் தடவும்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் முதலாளி ஒரு சென்சாரை ஒப்படைத்தார். துணிக்கு மாட்டும் கிளிப் மாதிரி இருக்கும். விலையும் ஒரு வேட்டி விலைதான். மெயின் வயரைக் கவ்விக்கொண்டு, எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று செல்போனுக்குச் சொல்லும். கம்பெனி பூட்டிக்கிடக்கும் லீவு நாளில் சைபர்தான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கோ கரண்டு கசிகிறது, கசிந்தால் சூடு, சூட்டுக்குப் பக்கத்தில் சீசன் சரக்கு மொத்தமும்.

அதுவரை சிவபாண்டியிடம் பயம் மட்டுமே இருந்தது. இப்போது அதற்கு நம்பரும் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, விருதுநகரில் தங்கை பாண்டிலட்சுமி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மாலை போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மொட்டைத் தலையோடு பிள்ளை. ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்தபோது சட்டைப்பையில் போன் கூவியது. இரண்டு ஆம்பியர்.

பிள்ளையைவிடப் பலமாக மாமன் அலறினார்.

வாட்ச்மேன் சங்கிலிமுத்துவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி எடுப்பான்? கேட்டுக்கு உள்ளே செல்போன் கூடாது, வாசல் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டவரே சிவபாண்டிதான்.

"ஆசாரி, சட்டுன்னு குத்துங்க! கம்பெனி போயிரும்!"

"எந்திரிச்சீகன்னா பாத்துக்கிடுங்கண்ணே!" என்றாள் பாண்டிலட்சுமி. "புதுவீடு பால்காய்ச்சையிலயும் ஊதுபத்திப் புகையைப் பாத்துட்டு ஓடுனவுகதான நீங்க?"

அடுத்த காதும் முடிந்த நொடியில் பிள்ளை அவள் மடிக்கு மாறியது. மாமன் பைக்குக்கு மாறினார். வழி நெடுக, கண்ணில் பட்ட மேகமெல்லாம் புகையாகவே தெரிந்தது.

கம்பெனி அப்படியே நின்றது. தன் சட்டப்படி போனைப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து ஒரு வயர் புறப்பட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் பேப்பர் கோடவுன். திரிக்கட்டுகளுக்கு நடுவே, சங்கிலிமுத்துவின் பேட்டரி ஸ்கூட்டர் சுகமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏலே கிறுக்கா! என்னலே பண்ணிவச்சிருக்க?"

"மழை தூறுச்சு அண்ணாச்சி, வண்டி நனைஞ்சிரும்லா. நீங்க என்ன, மாலையும் கழுத்துமா வந்திருக்கீக?"

"நமக்கு நாளைக்குப் போட வேண்டியதுலே! இன்னைக்கே போட்டுக்கிட்டு வந்துட்டேன்!"

வயரைப் பிடுங்கி, வண்டியைக் கேட்டுக்கு வெளியே தள்ளவைத்து, போனைப் பார்த்தார். சைபர். அப்படியே தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. கரண்டு ஓடாததால் சைபரா, சென்சாரே செத்துப்போனதால் சைபரா?

ஆபீஸ் பல்பைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடிப் பார்த்தார். சின்னதாக ஒரு நம்பர். அணைத்துவிட்டு ஓடிப் பார்த்தார், சைபர். மறுபடியும் போட்டார்.

அன்றிலிருந்து லீவு நாட்களில் அந்தக் குண்டு பல்பு எரிந்துகொண்டேயிருக்கிறது. சின்ன நம்பரைப் பார்த்தால்தான் சிவபாண்டிக்குச் சோறு இறங்கும். பல்பு ப்யூஸ் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கவலை. துணைக்கு இன்னொரு பல்பு போட முதலாளியிடம் அனுமதி கேட்டிருக்கிறார்.