பூட்டிய வீட்டுக்கு அனுப்பிய காய்ச்சல்

சென்ற வாரம் ஓர் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க. நியாயமாகத்தான் வாங்கினேன் – அதனால்தான் எழுதுகிறேன்.

பன்றிக் காய்ச்சல் பீதி ஊரெல்லாம் பரவியிருக்கும் நேரம். கம்பம் மெடிக்கல் ஷாப்களில் மாஸ்க் கிடைக்கவில்லை. என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே... தலைமையாசிரியை என்னைப் பேசச் சொன்னார். விடுவேனா?

"இருமல், காய்ச்சல்னு எந்தப் பிள்ளை வந்தாலும் அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிருங்க. பள்ளிக்கூடத்துல பரவவே பரவாது!"

கை தட்டினார்கள். மறுநாளே அது பள்ளியின் சட்டமாகிவிட்டது. நல்ல யோசனைதானே? டாக்டர்களும் அதைத்தானே சொல்கிறார்கள்?

அந்தச் சட்டப்படி முதலில் வெளியே போனவள் மூன்றாம் வகுப்பு செல்வி. அவள் அம்மா பாண்டியம்மாள் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்குப் போய், பொழுது சாய்ந்துதான் வந்து இறங்குவார். அப்பா திருப்பூரில், பனியன் கம்பெனியில்.

செல்வி வீட்டுக்குப் போனாள். கதவில் பூட்டு. சாவி அம்மாவிடம், அம்மா மலைக்கு மேலே. அவளுக்குத் தெரிந்து பகலில் திறந்திருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் – தம்பி இருக்கும் பால்வாடி. நேரே அங்கே போய், தம்பியின் பாயில் அவனைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். அக்காக்காரியாயிற்றே, ஆயாவும் விரட்டவில்லை. யார்தான் விரட்டுவார்கள்?

அந்த வாரத்துக்குள் பால்வாடியில் ஆறு குழந்தைகளுக்குக் காய்ச்சல். செல்வியின் தம்பிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று, பால்குடி மறக்காத பிள்ளைகளிடம் காய்ச்சலைத் தள்ளிவிட்டிருக்கிறேன்!

விஷயம் தெரிந்ததும் நானும் ஓடினேன். கையில் ஆரஞ்சுப் பழம் – குற்ற உணர்ச்சிக்கு நாம் கண்டுபிடித்த பரிகாரம் அதுதானே! பாண்டியம்மாள் பையை வாங்கவில்லை.

"வீட்டுக்கு அனுப்பணும்னு நீங்கதான் சொன்னீகளாம்ல சார்?"

"ஆமாம்மா..."

"வீட்டுல யாரு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீகளா? பூட்டுன வீட்டுக்குப் பத்திவிட்டா பிள்ளை எங்கன போகும்? எங்க தெருவுல பாதிப் பொம்பளைக ஜீப்புலதான் போறாக. எந்திரிச்சு நின்னு பேசுன ஒங்களுக்கு அது தெரியாதா?"

தெரியும். தினமும் அந்த ஜீப்புகளின் சத்தத்தில்தான் நான் விழிக்கிறேன். ஆனால் என் மகள் இருமினால் கதவைத் திறக்க நானோ என் மனைவியோ வீட்டில் இருக்கிறோம். அதனால்தான் அந்த யோசனை எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. வீடு என்றால் உள்ளே ஆள் இருக்கும் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் சட்டம் போடுகிறோம். வெட்கமாக இருந்தது.

நல்லவேளை, பையன் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். சாதாரண ஃப்ளூதான் என்றார் டாக்டர்.

பள்ளியில் மறுபடி கூட்டம். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஜன்னல்களைத் திறந்து, தள்ளித் தள்ளிப் பாய் விரிப்பது என்று முடிவானது. சுகமில்லாத பிள்ளைகள் அம்மாவின் ஜீப் வரும்வரை அங்கே இருக்கலாம். பெற்றோர்கள் முறை வைத்துத் துணை இருக்க வேண்டும். "யார் யார் வர்றீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டதும், எல்லோரும் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்கள். இந்த முறை கைதட்டல் இல்லை. முதல் கையை நான் தூக்கினேன், வேறு வழி? கொஞ்சம் பொறுத்து இன்னும் ஐந்து கைகள் எழுந்தன.

நேற்று என் முறை. மூக்கை மூடிய கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இன்டர்வெல்லில் செல்வி வந்தாள். அவளுக்குக் குணமாகிவிட்டது. ஆனாலும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னத்தா?"

"சார்... தம்பிக்கு நான்தான் ஒட்ட வச்சேன்னு எல்லாரும் சொல்றாக. நெசமா?"

"இல்லத்தா. நான்தான் ஒட்ட வச்சேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.