நான் எழுதாமல் விட்ட மூன்றாவது ஆள்

பெரிய யுத்தத்தின்போது மெசபடோமியாவுக்குப் போன மதராஸ் பட்டாளம் ஒன்றில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. லீவு மனு, செத்தவர் வீட்டுக்குக் கடிதம், வீரப் பதக்கத்துக்குச் சிபாரிசு, இவைதான் என் வேலை. எங்கள் கேப்டன் சீமையிலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. சிப்பாய் சொல்வதைக் கேட்டு நான் இங்கிலீஷில் சொல்வேன், அவர் திருத்துவார், நான் டைப் அடிப்பேன்.

அந்தச் சிபாரிசுகளுக்கென்று ஒரு பாஷை உண்டு. அதில் யாரும் யாரையும் கொல்வதில்லை. பதுங்குகுழியைச் சுத்தம் செய்வார்கள். துப்பாக்கியை மௌனமாக்குவார்கள், குழியில் துப்பாக்கி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்ததுபோல. ஒருமுறை நான் ‘கொன்றான்’ என்று அடித்துக் கொடுத்தேன். கேப்டன் அந்தச் சொல்லின் மேல் சிவப்புக் கோடு போட்டு, “இது போலீஸ் ரிப்போர்ட் இல்லை” என்றார். அதற்குப் பிறகு நான் தவறு செய்யவில்லை.

பட்டாளத்தில் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்த ஒருவன் இருந்தான். என் வயதுதான். ஒரு நாள் காலை வாய்க்கால் ஓரமாக எங்கள் ஆட்கள் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்கத்து மெஷின்கன் அவர்களைப் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷத்தில் ஆறு பேர் விழுந்தார்கள். அவன் வாய்க்கால் சேற்றில் தவழ்ந்து சுற்றிப் போனான். தன் துப்பாக்கியில் மண் அடைத்துக்கொள்ள, மண்வெட்டியோடு அந்தக் குழிக்குள் குதித்தான். மெஷின்கன் நின்றது.

சாயங்காலம் கூடாரத்தில் என் எதிரே நின்று சொன்னான். சட்டையெல்லாம் காய்ந்த சேறு.

“துப்பாக்கியாண்ட ரெண்டு பேரு இருந்தானுங்க. வெட்டினேன். மூணாவது ஒர்த்தன் மூலையில குந்திக்கினு ரெண்டு கையும் தூக்கிக்கினு இருந்தான், ஐயரே. சின்ன வயசு. இன்னாவோ சொன்னான். என் கை நிக்கல.”

இரண்டு பேர் வரை இங்கிலீஷில் சொல்லி நிறுத்தினேன். “வேறு ஏதாவது சொன்னானா?” என்று பக்கத்திலிருந்த கேப்டன் கேட்டார்.

“இல்லை, சார்” என்றேன்.

அவனுக்குப் பதக்கம் கிடைக்கட்டும் என்று நினைத்ததாகப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதி, அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பசி வேறு. ‘தன்னந்தனியாக எதிரியின் குழிக்குள் புகுந்து துப்பாக்கியை மௌனமாக்கினார்’ என்று அடித்தேன். அணிவகுப்பில் அதை வாசித்தபோது, ஒரு சொல்லும் புரியாமல் அவன் விறைப்பாக நின்றான்.

1930களின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவி வந்து, “யாரோ பட்டாளத்து மனுஷனாம். உள்ள வரச் சொன்னா வரமாட்டேங்கறான். வாசல்லயே நிண்ணுண்டு இருக்கான்” என்றாள்.

அவன்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் கேட்டுக்காரனாக இருந்தான்.

“என் புள்ள பட்டாளத்துக்குப் போறேன்றான், ஐயரே. பதக்கத்தோட குடுத்த பேப்பரைத் தொர படிச்சுச் சொல்லிட்டாரு. உங்கப்பன் சிங்கம்டான்னுட்டாரு. அத்தையே பேசிக்கினு கீறான். பெங்களூர்ல ஆள் எடுக்கறாங்களாம்.”

“வேண்டாம்னு சொல்லேன்.”

“இன்னான்னு சொல்ல? என் வாயில வர்ல. நீதானே எழுதுன? வுட்டத நீயே வந்து சொல்லு.”

அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு நடந்தேன். அடையாறு பாலம் தாண்டி அவன் குடிசைக்குப் போனோம்.

மகனுக்கு இருபது இருக்கும். நல்ல தோள்கள். கட்டுமர வேலைக்குப் போகிறவன். எனக்கு ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டான். நான் உட்கார்ந்து சொன்னேன். சேறு, மண்வெட்டி, துப்பாக்கியருகே இரண்டு பேர், மூலையில் கைதூக்கிய பையன், எதையும் விடவில்லை. எந்தச் சொல்லையும் சுத்தம் செய்யவில்லை. கேப்டன் கேட்டதையும் நான் இல்லை என்றதையும்கூடச் சொன்னேன். அப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

மகன் முகம் மலர்ந்தது.

“மூணு பேரா, நைனா? எத்தினி பேருன்னே பேப்பர்ல போடலியே! இத்தினி நாளா சொல்லவே இல்லியே நீ!”

“அவன் சண்டை போடலைப்பா” என்றேன். “கையைத் தூக்கிண்டு இருந்தான்.”

“சண்டைன்னா அப்டித்தான், ஐயரே. அவன் கையில கிட்ச்சிருந்தா நைனாவ வுட்ருப்பானா?”

அப்பன் வெளியே போய் ஆற்றைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். தோளைத் தொடலாமா என்று யோசித்துத் தொடவில்லை.

“கௌம்பு” என்றான். “சொல்லிட்ட இல்ல, கௌம்பு.”

பத்து நாளில் மகன் பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். போகும்முன் குப்பம் முழுக்க மூன்று பேர் கதையைச் சொல்லியிருக்கிறான். மண்வெட்டி வீச்சைச் செய்தும் காட்டினானாம். அதற்கப்புறம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவன் அப்பனைக் கண்டால் கூட்டமாக எழுந்து சலாம் வைப்பார்களாம்.

சில மாதங்கள் கழித்து, மனசு கேட்காமல் அந்தப் பங்களா வாசலுக்குப் போனேன். அவன் கேட்டைத் திறந்தான். என்னை நன்றாகப் பார்த்தான்.

“தொர வெளிய போய்க்கிறாருங்க” என்றான். “யாரு வந்தாங்கன்னு சொல்லணுங்க?”

இருபது வருஷத்தில் அவன் என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றுதான். பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பின்னால் அவன் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.