காலிக் கட்டம்

பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவளை ஆஸ்பத்திரி முழுக்க பாட்டில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் புற்றுநோய் வார்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அவர்கள் ரத்தம் ஒரு பாட்டிலில் அவளிடம் வரும். அதில் கிருமி வளர்ந்தால்தான் அது எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு மசியாது என்று சொல்ல முடியும்.

முதலில் ரத்தம் எடுக்க வேண்டும், பிறகுதான் மருந்து ஏற்ற வேண்டும். மருந்து ஏறிவிட்டால் கிருமி பாட்டிலில் தலைகாட்டாமல் போகலாம். உடம்பில் மட்டும் பதுங்கியிருந்து பாயும். வார்டிலோ எல்லாம் தலைகீழ். பாட்டிலோடு வரும் சீட்டில் 'மருந்துக்கு முன்பா, பின்பா' என்ற கட்டம் காலியாகவே வரும். கேட்டால், "இருக்கிற வேலையில இது வேறயாக்கா?" என்பார்கள் சின்ன டாக்டர்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவள் முடிவு எழுதித் திருப்பி அனுப்பிய அந்தச் சீட்டுகளை வைத்தே வார்டின் பெரிய டாக்டர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் பெருமையாக வாசித்தார். "மருந்துக்கு மசியாத கிருமி நம்ம வார்டுல பாதியாக் குறைஞ்சிடுச்சு." கைதட்டல் வேறு!

பாட்டில் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டாள்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா சார்?"

"உட்காருங்கம்மா. 'வளர்ச்சி இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"நான்தான் சார். பாட்டில்ல வளரலைன்னுதான் எழுதினேன், உடம்புல இல்லைன்னு எழுதலை. போன மாசம் ஏழு பேர் செத்தாங்க. ஏழு வீட்லயும் 'மருந்துக்கு மசியாத கிருமிதான் கொன்னுடுச்சு'ன்னு சொல்லி அனுப்பினீங்க. உங்க கட்டுரையில அந்தக் கிருமி எங்க சார் போச்சு?"