ஹெட்லைட் போட்டால் பாடும் கார்

நாங்கள் அந்தக் காரை வாங்கும்போதே அதற்குப் பத்து வயது தாண்டியிருந்தது. எஞ்சின் நன்றாக இருந்தது, ஏசி கூட ஓரளவு குளிர்ந்தது. ரேடியோ மட்டும் ஊமை. பொத்தானை அழுத்தினால் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், 'ஹலோ' என்று ஆங்கில எழுத்து ஓடும், பிறகு அதுவும் அணைந்துவிடும். இரண்டு வருடம் அந்த ஹலோவோடு காலம் தள்ளினோம்.

ஒருநாள் ராஜபாளையத்தில் கார் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். புது ஸ்டீரியோவை மட்டும் கொடுத்தால் போதும், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். கடைக்காரர் என் சட்டைப் பையில் இருந்த சிவப்பு மையும் நீல மையுமான இரண்டு பேனாக்களைப் பார்த்தார்.

"சாருக்கு என்ன வேலை?"

"ஸ்கூல்ல பிசிக்ஸ் வாத்தியார்."

"அப்பம் வேண்டாம் சார். ஒயரு வேலை இது. வண்டிய விட்டுட்டுப் போங்க, பொறவு வந்து எடுத்துக்கிடுங்க."

'அப்படியானால்' என்ற அர்த்தத்தில் வந்த அந்த 'அப்பம்' என்னைத் தைத்துவிட்டது. இருபது வருடங்களாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்னோட்டம் நடத்துகிறவன் நான். வீட்டுக்கு வந்ததும் அதே ஸ்டீரியோவை ஆன்லைனில் வரவழைத்தேன்.

என் மனைவிக்குத் தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளைப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பெட்டியைப் பிரித்தபோது அவள் கேட்டாள்:

"நம்ம காலிங்பெல்லை நீங்க ரிப்பேர் பண்ணுனதுல இருந்து வாரவங்க எல்லாரும் கேட்டைத்தான தட்டுறாங்க?"

நான் பதில் தயார் செய்வதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேலைக்கு நான் தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் என் மதினி வீட்டுக்கு, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்கு, அன்று மதியம் மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மதினி மகளைத்தான். ராகு காலம் தொடங்குவதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்பதால் நாங்கள் இரண்டு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முடிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். யூடியூபில் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் இருபது நிமிடத்தில் முடித்திருந்தார். "ரொம்ப சிம்பிள் மக்களே" என்று ஒவ்வொரு கட்டத்திலும் சொன்னார்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மாமனார் ஏழேகாலுக்கே வந்து, போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மில் குடோனில் சரக்குச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் எண்ணுவார். சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் வைத்திருந்தார். அது முழுக்க நாகஸ்வரம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். இது என் மாணவர்களே அறிந்த பாடம். அடுத்து டாஷ்போர்டின் நடுப் பலகையைக் கிளிப்புகளிலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். வீடியோக்காரர் இழுத்தபோது அது அப்பளம் போல வந்தது. நான் இழுத்தபோது 'டொக்' என்று சத்தம் கேட்டது, ஒரு கிளிப் ஏசி துவாரத்துக்குள் விழுந்தது.

"மாப்பிள, எட்டு இருந்துச்சு. ஏழுதான் இருக்கு" என்றார் மாமனார்.

பழைய ஸ்டீரியோவை வெளியே இழுத்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. பின்னால் இருக்க வேண்டிய பிளக் இல்லை. காரை முன்பு வைத்திருந்தவர் அதை வெட்டிவிட்டு, பத்துப் பதினைந்து ஒயர்களையும் வெறுமனே முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார். எல்லாம் இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. புது ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். சிவப்புக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் வர வேண்டும். காரில் இருந்தவையோ வேறு நிறங்கள். வயலட்டில் வெள்ளைக் கோடு, பச்சையில் மஞ்சள் கோடு என்று அது தனி உலகம்.

பேட்டரியை மறுபடி இணைத்து, பள்ளிக்கூட லேபிலிருந்து எடுத்து வந்த மல்டிமீட்டரோடு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். என் கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பால் கொண்டுவந்த அம்மா அந்தக் கால்களைப் பார்த்துப் பதறி, "ஐயையோ, சாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகல, ரேடியோ மாட்டுதாவ" என்று என் மனைவி சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. சொன்ன குரலில் கொஞ்சமாவது ஆறுதல் இருந்திருக்கலாம்.

எப்போதும் பன்னிரண்டு வோல்ட் காட்டும் ஒயர் சுலபத்தில் கிடைத்துவிட்டது. மஞ்சளோடு சேர்த்தேன். சாவியைத் திருப்பித் தேடியபோது இன்னொரு ஒயரிலும் பன்னிரண்டு வோல்ட் வந்தது. மகிழ்ச்சியில் அதைச் சிவப்போடு முறுக்கினேன். சாவியை அணைத்தால் அது அடங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். என் மாணவன் பார்க்காமல் விட்டிருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். எழுந்து உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டரை.

ஆனால் வேலை செய்தது. திரை ஒளிர்ந்தது. மாமனாரின் பென் டிரைவைச் செருகியதும் நான்கு ஸ்பீக்கரிலும் நாகஸ்வரம் பிய்த்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு சார் கல்யாணம்?" என்று கேட்டார். மாமனார் கண்களை மூடித் தொடையில் தாளம் போட்டார். நான் கைகளைத் துடைத்துக்கொண்டு மனைவியைத் தேடினேன்.

அவள் காரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, மத்தியானத்துல எதுக்கு ஹெட்லைட்டு எரியுது?"

படுத்திருந்தபோது முழங்கை பட்டுத் திரும்பியிருக்கும் என்று சொல்லி, ஸ்டீரிங் பக்கத்தில் இருந்த லைட் சுவிட்சை அணைத்தேன். நாகஸ்வரமும் நின்றது. லைட்டைப் போட்டேன். நாகஸ்வரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மறுபடி அணைத்தேன், போட்டேன். என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

என்ன நடந்தது என்பது புரிந்துவிட்டது. நான் சிவப்போடு சேர்த்தது, லைட் போட்டால் ஸ்டீரியோவின் பொத்தான்களுக்கு வெளிச்சம் தருகிற ஒயர். மறுபடி பிரித்தால் இன்னும் எத்தனை கிளிப்புகள் உள்ளே போகுமோ தெரியாது. குளித்துக் கிளம்பவே நேரம் இல்லை. லைட் சுவிட்சின் முதல் கட்டத்தில் சின்ன விளக்கு மட்டும் எரியும். அதிலேயே நிறுத்தலாம் என்றால், தேய்ந்துபோன சுவிட்ச் அங்கே நிற்காமல் ஹெட்லைட்டுக்குத் தாவியது.

"பாட்டு இல்லாமலே போவோம்" என்றேன்.

"ஏன் மாப்பிள? லைட்டு எரிஞ்சா என்ன, எரிஞ்சுட்டுப் போகுது" என்று மாமனார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டரை மணி வெயிலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து புறப்பட்டோம். எதிரே வந்த முதல் பைக்காரர் விரல்களைக் குவித்து விரித்து, லைட் எரிகிறது என்று சைகை காட்டினார். அடுத்து ஒரு மினி பஸ் டிரைவர். அப்புறம் லோடு ஆட்டோவில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த இருவர் ஒரே நேரத்தில். நம் சாலைகளில் மனிதர்களுக்கு அடுத்தவர் மீது இவ்வளவு அக்கறை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மாமனாரோ நாகஸ்வரத்தில் மிதந்துகொண்டே ஒவ்வொருவருக்கும் பதிலுக்குக் கை அசைத்தார்.

"எல்லாரும் உங்ககிட்டப் படிச்சவிய போல. எம்புட்டு மரியாதை!"

பின் சீட்டில் என் மனைவி குலுங்குவது கண்ணாடியில் தெரிந்தது.

அப்போது நாகஸ்வரம் நின்று, டெலிபோன் மணி காருக்குள் ஒலித்தது. காலையில் சோதனைக்காக மனைவியின் போனை நான்தான் ஸ்டீரியோவோடு இணைத்திருந்தேன். அவள் பழக்கத்தில் போனைக் காதில் வைத்தாள். மதினியின் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது.

"ஏட்டி, எங்க இருக்க? அவிய வந்து உக்காந்தாச்சு. ஒன் வீட்டுக்காரரு அந்த ரேடியோவ நோண்டி முடிச்சாரா இல்லையா? பேசாம மினி பஸ்ல வந்து தொலைய வேண்டியதுதான? அவரு கைய வச்சா வெளங்குமா?"

"அக்கா, ஸ்பீக்கர்ல கேக்கு" என்றாள் மனைவி.

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு, "தம்பி, மெதுவா வாங்க. அவசரம் இல்ல" என்று தேன் போன்ற குரல் வந்தது.

மதினி வீடு ஒரு முட்டுச்சந்தில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மம்சாபுரத்திலிருந்து வந்த வேன் சந்தின் உள்பக்கம் நின்றது. அதன் பின்னால் என் காரை நிறுத்தினேன்.

"நீங்க முன்னால போங்க. நாகஸ்வரத்துல இந்த உருப்படி முடியட்டும், ரெண்டே நிமிசம்" என்றார் மாமனார். அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் உள்ளே ஓடினோம். சொன்னபடியே அவரும் கொஞ்ச நேரத்தில் வந்து சாவியை என் கையில் கொடுத்தார்.

உள்ளே நிலைமை சரியில்லை. மாப்பிள்ளையின் அப்பா சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சகலை, அதாவது பெண்ணின் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருமே தாமாகப் பேச்சைத் தொடங்காதவர்கள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன, போயின. "இந்த வருசம் மழை எப்படி?" என்று நான் கேட்டேன். "பரவாயில்லை" என்று இரண்டு பக்கமும் பதில் வந்தது, பேச்சு அதோடு முடிந்தது. பெண் வந்து வணங்கிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தை விட்டுத் தலை தூக்கவில்லை. ராகு காலம் வந்தது. அது முடிந்து கிளம்பலாம் என்று எல்லாரும் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் போல நீளமான ஒன்றை நான் பரீட்சை ஹால்களில் கூடக் கண்டதில்லை.

கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, "வீட்டுல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புதோம்" என்றார். மதினியின் முகம் விழுந்துவிட்டது. அந்த வாக்கியத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

வேன் வெளியே போக வேண்டுமென்றால் முதலில் என் கார் நகர வேண்டும். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்போதுதான் கவனித்தேன், ஹெட்லைட்டுகள் அணையப் போகும் அகல் போல மஞ்சளாக மங்கிக்கொண்டிருந்தன.

"மாமா, ரேடியோவ நிறுத்தலையா?"

"சத்தத்த முழுசாக் கொறைச்சுட்டுத்தான் மாப்பிள வந்தேன்" என்றார் அவர், கொஞ்சம் கோபமாகவே.

மூன்று மணி நேரம் ஹெட்லைட் எரிந்திருக்கிறது. சந்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஏன் பகலில் லைட் போட்டேன் என்று யாரோ கேட்டார்கள். நான் மழுப்புவதற்குள் என் மனைவி, தபால் நிலையத்தில் படிவத்தைப் படித்துச் சொல்வது போலத் தெளிவாக, காலை ஏழு மணியிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொன்னாள். சைகை காட்டியவர்களுக்கெல்லாம் தன் அப்பா கை அசைத்ததைச் சொல்லும்போது மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதினியின் போனைப் பற்றியும் அவள் விடவில்லை.

"சார் என்ன வேலை பாக்காரு?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். அன்று அவர் கேட்ட முதல் கேள்வி.

"பிசிக்ஸ் வாத்தியாரு" என்றார் சகலை. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு அப்பாக்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாசற்படியில் நின்ற பெண் வெடித்துச் சிரித்தாள். மாப்பிள்ளை முதன்முறையாகத் தலை தூக்கி அவளைப் பார்த்தான். அவள் உடனே நிறுத்திக்கொள்ளவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"வாங்க தள்ளுவோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். சந்துக்கு ஒரு பக்கம்தான் திறப்பு என்பதால், முதலில் தெரு வரைக்கும் பின்பக்கமாகத் தள்ளி, அங்கே திருப்பி, பிறகு முன்னால் தள்ள வேண்டியிருந்தது. சகலையும் சம்பந்தியாகப் போகிறவரும் தோளோடு தோளாகத் தள்ளினார்கள். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு எனக்குக் கட்டளை போட்டான்.

"லைட்ட அணைச்சுட்டீங்களா சார்? செகண்ட் கியர்ல வைங்க. நான் சொல்லும்போது கிளட்ச விடுங்க. இப்ப!"

மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. தெருவே கை தட்டியது. வெட்கம் என் காது வரை சுட்டது. ஆனாலும் கண்ணாடியில் அவர்கள் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குடும்பம் போல நிற்பதைப் பார்த்தபோது எரிச்சல்பட முடியவில்லை. தண்ணீர் குடிக்க அவர்கள் மறுபடி வீட்டுக்குள் போனார்கள். திரும்பக் காபி வந்தது. அரை மணி நேரத்தில் நிச்சயதார்த்தத்துக்கு மாதம் பேசிவிட்டார்கள். எஞ்சினை அணைக்கப் பயந்து நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காபியை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி காரைக் கடைக்குக் கொண்டுபோகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் சாவியைத் திருப்புதேன். நீங்க அடியில படுத்து ஒவ்வொரு ஒயராச் சொல்லுங்க. நான் எழுதிக்கிடுதேன்."

நான் நிறத்தைச் சொல்லச் சொல்ல, அவள் சாவியைத் திருப்பி, அணைத்து, லைட்டைப் போட்டு, அணைத்து, ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் குறித்தாள். ஏழாவது ஒயர்தான் சரியானது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இருவருமாகச் செய்திருந்தால் போன வாரமே முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

"இப்பமாவது தெரிஞ்சுதே" என்றாள்.

ரேடியோவைப் போட்டோம். தென்னையில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று யாரோ நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். எங்களிடம் ஒரு தென்னை கூட இல்லை. இருந்தும் அந்த நிகழ்ச்சி முடியும் வரை போர்ட்டிகோவில் நின்ற காரிலிருந்து நாங்கள் இறங்கவில்லை.