பன்னிரண்டு தபாலட்டைகளும் ஒரு கிணறும்

1984 ஜனவரி பதினாறு, திங்கட்கிழமை. பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு கிறிஸ்தோப்பர் நெடுந்தீவில் காலை வள்ளம் ஏறினார். கையில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், விவசாயக் கல்லூரி கொடுத்துவிட்ட ஒரு கட்டுப் படிவம். குறிகாட்டுவானில் இறங்கியபோது காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. அங்கிருந்து பஸ். மத்தியானம் மண்கும்பான் சந்தியில் அவர் இறங்க, சைக்கிளைப் பிடித்தபடி நின்ற ஒரு பெண் கேட்டாள்:

"அண்ணை, இந்த பஸ்ஸில கிறிஸ்தோப்பர் எண்டு ஒரு மாணவனைக் கண்டனீங்களோ?"

"நான்தான், மிஸ்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சந்தியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அந்தப் பெண் திரிபுரசுந்தரி. நான் எழுத வந்தது அவளைப் பற்றித்தான். நயினாதீவில் கோயில் பூசை செய்யும் குடும்பத்தில் பிறந்து, வீட்டாரோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டி விவசாயம் படித்தவள். இருபத்துநாலு வயதில் விவசாயப் போதனாசிரியராக வேலணைக்கு நியமனம் பெற்று, மண்கும்பானில் எங்கள் வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தாள். எனக்கு அப்போது பதினாறு வயது. ஒரு வேலையைப் பற்றி ஒருவர் இவ்வளவு சந்தோசமாகப் பேசலாம் என்பதை சுந்தரி அக்காவிடம்தான் முதலில் கண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில் அலைந்துவிட்டேன். அப்படிப் பேசுகிறவர்களை அதிகம் காணவில்லை.

அக்காவின் வகுப்பில் வேலை கிடைத்தவர்கள் பதின்மூன்று பேர். பிரிகிற அன்று அவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போனபோது அங்கே என்ன கேட்பார்கள் என்று சொல்ல அவர்களுக்கு ஒருவரும் இருக்கவில்லை. அந்தப் பயம் பின்னால் வருகிறவர்களுக்கு இருக்கக்கூடாது. ஆகவே ஒவ்வொருவரும் ஒரு கடைசி வருஷ மாணவரைத் தன்னிடம் அழைத்து ஆறு மாதத் தோட்டப் பயிற்சி கொடுக்க வேண்டும். மற்றப் பன்னிரண்டு பேரும் அந்த மாணவருக்குக் கிழமைக்கு ஒரு கேள்வி தபாலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும்.

அக்காவுக்கு வந்த மாணவருக்கு அவளைவிட ஐந்து வயது கூட. தகப்பன் கடலோடு போனபின், மாடும் வலையுமாகக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு, பிந்திப் படிக்க வந்தவர் கிறிஸ்தோப்பர். ஆகஸ்ட் இரண்டாந் திகதி அவருக்கு முப்பது வயது முடியும். அரசாங்க வேலைக்கு நேர்முகத் தேர்வு நாளில் முப்பது முடிந்திருக்கக் கூடாது. தேர்வு ஜூலையில். ஜூன் முடிவதற்குள் பயிற்சி முடிந்து, படிவத்தில் தோட்டக்காரர் திருப்தி என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு தரம்தான். அடுத்த தரம் என்று அவருக்கு ஒன்று இல்லை.

அந்தத் தோட்டக்காரர் என் அம்மா, யோகம்மா. அக்கா கேட்டவுடன் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் பாதியைக் கொடுத்துவிட்டாள். கிறிஸ்தோப்பர் பக்கத்துக் காணியில் இருந்த கொட்டிலில் தங்கினார்.

தபாற்காரர் மயில்வாகனம் அண்ணைக்கும் அன்றிலிருந்து புது உற்சாகம் பிறந்தது. அட்டைகளை மூடி ஒட்டுவதில்லை அல்லவா. அவர் முதலில் தானே வாசித்துவிடுவார். பிறகு வேலிக்கு வெளியே சைக்கிளில் இருந்தபடியே பரீட்சை தொடங்கும்.

"தம்பி கிறிஸ்தோப்பர், வெங்காயத் தாள் நுனியில கருகிக்கொண்டு வந்தால் என்ன வருத்தம்?"

"அட்டையைத் தாங்கோ அண்ணை, பாத்திட்டுச் சொல்லுறன்."

"நான் பாத்திட்டன். நீர் சொல்லும். பிழையெண்டால் அனுப்பின ஆளுக்கே திருப்பிக் குடுத்துப்போடுவன்."

மார்ச் முடிவதற்குள் மயில்வாகனம் அண்ணையே நேர்முகத் தேர்வுக்குப் போகலாம் என்ற நிலைமை.

ஏப்ரலில் வவுனியாவிலிருந்த வகுப்புத் தோழர் ஒருவர், பழைய மாணவர்களின் அன்பளிப்பு என்று, தண்ணீர் இறைக்கும் மெஷின் ஒன்றை லொறியில் அனுப்பிவைத்தார். அக்காவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. இரண்டாம் தடவை நட்ட வெங்காயத்துக்கு ஒரே காலையில் நிறையத் தண்ணீர் பாய்ச்சி, கிறிஸ்தோப்பரின் தோட்டத்தை ஊரே வந்து பார்க்கச் செய்ய வேண்டும் என்று நின்றாள்.

எங்கள் கிணறு நாலு வீட்டுக்குப் பங்குக் கிணறு. யார் எந்த நாள் இறைப்பது என்று முறை இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் முறை. முறை நாளில் விடிந்ததிலிருந்து பொழுது படும் வரை எவ்வளவும் இறைக்கலாம், கேட்க ஆளில்லை. துலா ஏற்றத்தில் பனையோலைப் பட்டை கட்டி இறைக்கிறவரைக்கும் அது நல்ல சட்டம்தான். மனிதனின் தோள் களைத்துவிடும்; கிணறு களைக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மெஷினை முடுக்கினார்கள். பத்து மணிபோல கிறிஸ்தோப்பர் வாய்க்காலில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"மிஸ், கொஞ்சம் நிப்பாட்டுவமோ?"

"ஏன் அண்ணை, வடிவா ஓடுது. இண்டைக்கு எங்கட முறைதானே."

அவர் மண்வெட்டியை எடுத்து அடுத்த பாத்திக்கு வாய்க்காலைத் திருப்பினார். மெஷின் மத்தியானம் வரை ஓடியது.

மண்கும்பான் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படலம்தான். அதற்குக் கீழே கடல். மேலே உள்ளதை ஒரேயடியாக உறிஞ்சினால் கீழே உள்ளது எழும்பி வரும். வெள்ளிக்கிழமை அம்மா தேத்தண்ணி வைத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு கோப்பையை அப்படியே கொண்டுபோய் அக்காவின் மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, உமக்கு அறைதான் வாடகைக்குத் தந்தனான். கடலையும் உள்ளுக்குக் கொண்டந்து வைச்சிருக்கிறீர்."

அக்கா குடித்துப் பார்த்தாள். எழும்பிக் கிணற்றடிக்கு ஓடினாள். பத்து நாளில் நாலு வீட்டு வெங்காயமும் நுனி மஞ்சளானது. கிணற்றடியில் மற்ற மூன்று வீட்டாரும் கூடி நின்று கத்திவிட்டுப் போனார்கள். அம்மா கத்தவில்லை. கிறிஸ்தோப்பரின் படிவத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இந்தத் தண்ணியில பழையபடி தேத்தண்ணி குடிச்சுப் பாத்துத்தான் கையெழுத்து. அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கக் கூடாது."

ஜூன் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

அன்று பின்னேரம் அக்கா கிணற்றுக்கட்டில் இருந்து கிறிஸ்தோப்பரைக் கேட்டாள், "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, என்ன?"

"ஓம் மிஸ். நெடுந்தீவில சின்னப் பிள்ளையளும் கிணத்தை ஒட்ட இறைக்காதுகள்."

"பிறகேன் வாயைத் திறக்கேல்லை?"

"என்ர படிவத்தில நீங்களும் கையெழுத்து வைக்கிற ஆள்."

அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. "நான் பூசை செய்யிற வீட்டுப் பிள்ளை. எங்கட வீட்டில குடிக்கவும் குளிக்கவும் மட்டும்தான் கிணறு. தோட்டக் கிணறு எனக்குப் புத்தகத்தில வந்தது. உங்களுக்குக் கையில வந்தது. அதைச் சொல்லாமல் விட்டிட்டு என்னட்ட என்ன படிக்க வந்தனீங்கள்? இனிமேல் நான் பிழையெண்டால் உடனே சொல்லோணும். ஏலாதெண்டால் இப்பவே வள்ளம் ஏறுங்கோ."

"சரி, மிஸ்."

"என்ன சரி?"

"முதல் பிழை, நீங்கள் கிணத்துக்கட்டில செருப்போட இருக்கிறது. யோகம்மா அக்கா கண்டால் அந்தக் கையெழுத்தும் இல்லை."

அக்கா செருப்பைக் கழற்றினாள். இருவரும் சிரித்தார்கள். அதன்பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது.

அக்கா பன்னிரண்டு தோழர்களுக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். இந்தத் தடவை கேள்விகள் வரவில்லை; பதில்கள் வந்தன. பாதி அட்டைகளில் திட்டு, பாதியில் யோசனை. மயில்வாகனம் அண்ணை திட்டுகளை உரத்து வாசித்தார், யோசனைகளைத் தணிந்த குரலில் வாசித்தார். மன்னாரில் இருந்தவர், பீட்றூட் உப்புத் தண்ணீரைத் தாங்கும், வெங்காயத்தை விட்டு அதைப் போடுங்கள் என்று எழுதி விதையும் அனுப்பினார். இன்னொருவர் பாத்திகளைப் பனையோலையால் மூடச் சொன்னார். மூடினால் வெயில் தண்ணீரைக் குடிக்காது. கிணற்றை என்ன செய்வது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதை கிறிஸ்தோப்பர் சொன்னார். ஒரு கிழமை கிணற்றைத் தொடக்கூடாது. பிறகு நாளுக்கு ஒரு வீடு என்ற முறையே வேண்டாம். ஒவ்வொரு நாளும் விடியற்காலை, ஒவ்வொரு வீட்டுக்கும் நாற்பது பட்டை. எண்ணி இறைத்து, எண்ணிக்கை முடிந்தால் துலாவைக் கட்டிவிட வேண்டும்.

தலைமுறையாக வந்த முறையை மாற்றுவதற்கு நாலு வீட்டையும் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய காரியம். அக்காவும் அவரும் வீடு வீடாகப் போனார்கள். அக்கா ஒவ்வொரு படலையிலும் முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு கிறிஸ்தோப்பர் பேசினார். மூன்றாவது வீட்டில் முருகேசு அண்ணை மசியவில்லை.

"என்ர நாளில நான் எவ்வளவும் இறைப்பன். அது அப்பு காலத்து உரிமை."

"இறையுங்கோ அண்ணை. ஆனால் அடுத்த நாள் உங்கட வீட்டில உப்பு வாங்கத் தேவையில்லை" என்றார் கிறிஸ்தோப்பர்.

முருகேசு அண்ணையின் மனைவி உள்ளே இருந்து சிரித்துவிட்டாள். அத்தோடு அந்த வீடும் சம்மதம்.

விடியற்காலைகளில் நானும் எண்ணப் போவேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. ஒவ்வொரு நாளும் கிறிஸ்தோப்பர் நாக்கில் வைத்துப் பார்ப்பார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்போம். மே மாதக் கடைசியில் ஒருநாள் அவர் புருவத்தை உயர்த்தினார். அக்கா கிணற்றைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினாள். பீட்றூட் இலைகள் கருஞ்சிவப்பாக எழும்பி நின்றன.

ஜூன் இருபத்தொன்பது காலை அம்மா அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தாள். ஐந்து பேர் சுற்றி நின்றோம். மயில்வாகனம் அண்ணை கடிதமே இல்லாமல் வந்திருந்தார். அம்மா ஆறுதலாக, மூன்று மிடறு குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் உப்புக் கிடக்கு."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆனால் இவ்வளவு உப்பு என்ர மாமியார் வீட்டுக் கிணத்திலும் இருக்கிறதுதான். எங்க அந்தப் பேனை?"

அவள் கையெழுத்து வைத்தாள்.

ஜூலை பத்தொன்பது, நேர்முகத் தேர்வுக்கு யாழ்ப்பாணம் போகும் முதல் பஸ்ஸில் அக்காவும் அவளுடைய இரண்டு தோழர்களும் கிறிஸ்தோப்பரை நடுவில் இருத்திக் கேள்வி கேட்டபடி போனார்கள். என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். பண்ணைப் பாலத்தில் பஸ் ஓடும்போது முன் இருக்கையில் இருந்த ஒருவர் திரும்பி, "தம்பி, என்ர கத்தரிக்குப் பூ நிக்குதில்லை, அதுக்கு என்ன?" என்றார். கிறிஸ்தோப்பர் பதில் சொல்ல, நடத்துநர் அடுத்த கேள்வியைக் கேட்டார். பஸ் நிலையம் வரும்போது முழு பஸ்ஸுமே அவரைத் தேர்வுசெய்திருந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவர் வெளியே வந்தார்.

"என்ன கேட்டவை?" அக்கா பாய்ந்தாள்.

"கிணறு உப்பாப்போன கதையைச் சொன்னன். ஆர் அப்பிடி இறைச்சதெண்டு கேட்டினம். நாங்கள் ரெண்டு பேரும் எண்டன். பிறகு முழுக்க அதைப் பற்றித்தான் கேட்டவை. ஒருத்தர் நாற்பது பட்டைக் கணக்கை எழுதி எடுத்தவர்."

தெரிவுப் பட்டியலில் கிறிஸ்தோப்பரின் பெயர் வந்தது. நியமனக் கடிதம் வரவில்லை. வடக்கில் நியமனங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாக ஒரு துண்டுக் கடிதம் மட்டும் வந்தது. அடுத்த வருஷம் நெடுந்தீவிலிருந்து தாயோடு அவர் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார். எந்த அகதி முகாம் என்று தெரியவில்லை. நானும் புறப்பட்டுவிட்டேன். அக்கா மட்டும் வருஷம் பிறந்தால் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதுவாள்: தெரிவான இவருக்கு இன்னும் நியமனம் வழங்கப்படவில்லை, தயவுசெய்து கவனிக்கவும். பதில் வந்ததில்லை. மண்கும்பானை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்த பிறகும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதினாள், பின்னர் வவுனியாவிலிருந்து எழுதினாள்.

1995 மார்ச்சில் நான் திரும்பிவந்து வவுனியாவில் அக்காவைத் தேடிப்பிடித்த மூன்றாம் நாள், மன்னாரிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"மிஸ், தொண்ணூற்றிரண்டில் இந்தியாவிலிருந்து திரும்பி வந்தேன். இரண்டு வருஷம் நான் அலைந்தபின் திணைக்களத்தில் என் பழைய கடிதக் கோவையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே உங்கள் ஒன்பது கடிதங்களும் திகதி வரிசையில் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் நேர்முகத் தேர்வு நடந்த நாளின் வயதே கணக்கு என்று ஒத்துக்கொண்டார்கள். சென்ற திங்கட்கிழமை விவசாயப் போதனாசிரியராகப் பதவி ஏற்றேன். எனக்கு நாற்பது வயது, இந்த அலுவலகத்தில் நான்தான் புதுப் பொடியன். கடைசிக் கடிதத்தில் உங்கள் விலாசம் இருந்தது. பெரியவர் கேட்டார், இவ்வளவு எழுதிய இந்தத் திரிபுரசுந்தரி உமக்கு என்ன முறை என்று. பழைய மாணவர் சங்கம் என்றேன். கல்லூரி இப்போது எங்கே நடக்கிறது என்று தெரியாது. எங்கே நடந்தாலும் ஒரு மாணவரை என்னிடம் அனுப்புங்கள். தங்க இடம் பார்த்துவிட்டேன்."