தராசில் அடைபட்ட லொறி

கப்பல்துறையில், கண்டி வீதியோரம் இருந்த ஒரு நெல் களஞ்சியத்துக்கு எங்கள் கொம்பனி மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. நெல் லொறி தராசின் மேல் ஏறியதும் முன்னும் பின்னும் தடுப்புக் கம்பங்கள் இறங்கும். நிறை எல்லைக்குள் இருந்தால் முன்கம்பம் எழும்பும். கூடினால், களஞ்சிய முகாமையாளர் வந்து திறக்கும்வரை இரண்டும் அப்படியே கிடக்கும். எல்லை இருபதாயிரம் கிலோ.

கொழும்பில் இருந்த மூத்த பொறியியலாளர் அனுப்பிய புதிய பதிப்பை ஏற்றுவதற்காக ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கே போனேன். திருகோணமலையில் கொம்பனிக்கு இருந்த ஒரே ஆள் நான்தான். அன்புவழிபுரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

தராசுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூடு. கணினி அதற்குள்தான். புதிய பதிப்பை ஏற்றியபின் வந்த முதல் லொறி மூதூரிலிருந்து வந்தது. கம்பங்கள் இறங்கின. திரையில் ‘எல்லை மீறியது’ என்று வந்தது. நிறையோ பதினோராயிரத்தைக்கூடத் தாண்டவில்லை.

“என்ன தங்கச்சி, திறக்குதில்லையா?” என்று சாரதி கேட்டார். நடுவயதுக்காரர், பெருத்த உடம்பு.

“கொஞ்சம் பொறுங்கோ நானா. இப்ப திறக்கும்.”

முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். கம்பம் திறக்கவில்லை. மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அதே செய்தி. அவர் இறங்கப் பார்த்தார். தராசின் இரு பக்கமும் ஆளுயர இரும்பு வேலி. லொறிக் கதவு ஒரு சாண் திறந்து வேலியில் முட்டியது. யன்னலால் வெளியே வரும் உடம்பில்லை அவருக்கு. கம்பத்தைக் கையால் தூக்கலாமா என்று காவலாளியைக் கேட்டேன்.

“ஏலாது தங்கச்சி. கம்பத்தின்ர மோட்டர்ப் பெட்டி பூட்டிக் கிடக்கு, திறப்பு முகாமையாளரிட்ட. அவர் கொழும்புக்குப் போயிட்டார்.”

பின்னால் வரிசை சேர்ந்தது. வந்த லொறிகளில் ஒன்று கூட்டின் கதவை ஒட்டிக்கொண்டு நின்றது. தள்ளிப் பார்த்தேன், கதவு அசையவில்லை. அவர் லொறிக்குள், நான் கூட்டுக்குள். தகரம் கொதித்தது. வெளியே ஹோர்ன் சத்தம் ஓயவில்லை.

கொழும்பில் இருந்த மூத்தவருக்கு அழைப்பெடுத்தேன். “அண்ணா, என்னத்தை மாத்தினீங்கள்?”

“ஒண்டும் மாத்தேல்லை. நிரல் வரியளை வடிவா அடுக்கினனான், அவ்வளவுதான். நான் கூட்டத்தில இருக்கிறன், பிறகு எடுக்கிறன்.”

பழைய பதிப்பின் மேலேயே புதியது ஏறியிருந்ததால் பழையதுக்குத் திரும்பவும் வழியில்லை. மடிக்கணினியில் நிரலைத் திறந்தேன். எல்லை இருபதாயிரம் என்று தெளிவாக இருந்தது. அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். சரியாக இருக்கும் ஒன்றை எப்படித் திருத்துவது?

“தங்கச்சி, இண்டைக்கு ஜும்ஆ. தொழுகைக்கு நேரமாகுது,” என்றார் சாரதி. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில், நிரலுக்குள் தராசு உருவாகும் இடத்திலேயே, அந்த நேரம் எல்லை எவ்வளவு என்று காட்ட ஒரு வரி சேர்த்து ஓடவிட்டேன். திரையில் பூச்சியம் வந்தது.

அப்போதுதான் புரிந்தது. நிரல் எழுதியிருந்த ஜாவா மொழி, தொடக்கத்தில் ஓடும் வரிகளை மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாகத்தான் செய்யும். அடுக்கும்போது மூத்தவர் தராசை உருவாக்கும் வரியை மேலே கொண்டுபோயிருந்தார். தராசு உருவாகும்போதே எல்லையைப் பார்த்துத் தனக்குள் எழுதிக்கொள்ளும். இருபதாயிரம் என்று வைக்கும் வரியோ அதற்குக் கீழே இருந்தது. அந்த வரி ஓடும்வரை அந்த இடத்தில் இருப்பது வெறும் பூச்சியம். பிறகு எல்லை இருபதாயிரமானாலும், முன்பே உருவாகிவிட்ட தராசுக்கு அது தெரியாது. பூச்சியத்துக்கு மேல் எது வந்தாலும் அதற்குப் பாரம் அதிகம்தான். இரண்டு வரியும் தனித்தனியே சரியானவை என்பதால் ஜாவாவும் பிழை என்று எதையும் காட்டவில்லை.

எல்லை வரியை வெட்டி மேலே ஒட்டினேன். ஓடவிட்டேன். முன்கம்பம் எழும்பியது.

சாரதி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “வாறன் தங்கச்சி,” என்று மட்டும் சொல்லிவிட்டு லொறியை எடுத்தார். தொழுகைக்குப் போய்ச் சேர்ந்தாரா தெரியாது. வரிசை நகர்ந்தபோது என் கதவும் திறந்தது. வெளியே வந்து காவலாளியின் போத்தலில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

பின்னேரம் மூத்தவர் அழைத்தார். “நீர் அங்க நிண்டது நல்லதாப் போச்சு. முகாமையாளரும் அதைத்தான் சொல்றார். திங்கள்ல இருந்து அந்தக் கூட்டுக்குள்ளயே இருந்து வேலையைப் பாரும்.”

“வீட்டில இருந்து செய்யலாம் எண்டுதானே சொன்னீங்கள் அண்ணா?”

“கொஞ்ச நாளைக்குத்தான்.”

அவர் செய்த மாற்றத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் “ஓம்” என்றுதான் வந்தது.

திங்கட்கிழமை அங்கே எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன். கூட்டுக்கு ஒரு மின்விசிறி கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.